ஆறுவதற்கு ஆகும் நேரம்

பங்குனி பிறந்துவிட்டால் சங்ககிரி, நாமக்கல் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: “வெயில் ஏறுது, காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி விடுங்க.” சொல்பவர் இருபது வருடம் லோடு ஓட்டியவராக இருப்பார். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் வால்வு ஊசியை அழுத்துவார். நூறு மைல் தள்ளி நெடுஞ்சாலையில் வெடிக்கப்போகும் டயருக்கு இங்கேதான் விதை விழுகிறது.

கணக்கைப் பார்த்தால் புரியும். காலையில் 30 டிகிரியில் 105 பவுண்டு காற்றோடு கிளம்பிய லாரி டயர், ஓடி ஓடி உள்ளே 70 டிகிரி ஆனால் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் 121 காட்டும். டயர் செய்பவர்கள் இந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் ஆறின டயருக்கான அளவைச் சொல்கிறார்கள். “ஐயோ, 121 ஆயிடுச்சே” என்று 105-க்கு இறக்கினால், அதே டயர் மறுநாள் காலை ஆறி நிற்கும்போது உள்ளே இருப்பது 91 பவுண்டுதான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் பிதுங்கி மடங்கும். அந்த மடிப்பில் உராய்வு, உராய்வில் சூடு. சூடு ஏற ஏற நைலான் நூலும் ரப்பரும் ஒன்றை ஒன்று விட்டுவிடுகின்றன. ஆக, டயரை வெடிக்க வைப்பது காற்று மிகுதி என்பதைவிடக் காற்றுக் குறைவு என்பதே பெரும்பாலும் சரி. தார்ச்சாலையின் சூடு கடைசித் தள்ளலை மட்டும் கொடுக்கிறது.

காற்று பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, வண்டி நகர்வதற்கு முன். முடியாவிட்டால் மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற பிறகு. வெயில் படும் பக்கத்து டயர் மறுபக்கத்தைவிடப் பத்து டிகிரி கூடுதலாகச் சுட்டால் கேஜில் நாலு பவுண்டு வித்தியாசம் காட்டும். அதைச் சமன் செய்கிறேன் என்று இறக்குவதும் அதே தப்புதான்.

பின்னால் ஜோடி டயரில் உள்பக்கத்து டயருக்குத்தான் கவனிப்பு குறைவு. வால்வு கைக்கு எட்டாது, அதனால் கேஜும் எட்டாது. அதில் காற்று இறங்கினால் பாரம் முழுவதும் வெளி டயர் தலையில் விழும், கொஞ்ச தூரத்தில் இரண்டுமே போகும். கிளீனர்கள் இரும்புத் தடியால் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ‘டங்’ என்ற சத்தத்துக்கும் ‘தொப்’ என்ற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் பாதிக் காற்று போன டயரைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் தடியை நம்ப முடியாது. வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக் கேஜ் வைப்பதே வழி. டீக்கு நிற்கும் இடத்தில் புறங்கையை ஒவ்வொரு டயரின் அருகிலும் வீல் நடுவின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் சுடும், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே காற்று இறங்கியிருக்கிறது, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கிரீஸ் வறண்டிருக்கிறது. உள்ளங்கையை வைக்க வேண்டாம், புறங்கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். டயரில் பொறித்திருக்கும் கடைசி நான்கு எண்ணையும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

சாலையில் வெடிக்கும் டயரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பட்டறையில் பறக்கும் ரிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. டியூப் போட்ட லாரி டயர்களில், டயரை டிஸ்க்கின் (இரும்புச் சக்கரத்தின்) ஒரு பக்கத்தில் பிடித்து நிறுத்துவது ஒரு லாக் ரிங். அது பள்ளத்தில் முழுக்க உட்காராமல் காற்று ஏறினால், நூறு பவுண்டு அழுத்தம் அந்த இரும்பு வளையத்தை எதிரில் இருப்பவரின் முகத்துக்கோ மார்புக்கோ அனுப்பும். கழற்றும்போது முதல் வேலை, வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விடுவது. ஜோடி டயர் என்றால் நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே இரண்டிலும் விட வேண்டும், ஏனென்றால் டிஸ்க்கில் விரிசல் இருந்தால் நட் இளகும் நொடியில் பிய்த்துக்கொண்டு போகும். துருவைச் சுரண்டி, ரிங் வளைந்திருக்கிறதா என்று தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள். குழாய் மூன்று மீட்டராவது நீளம், முனையில் தானே பிடித்துக்கொள்ளும் கிளிப். ஆள் நிற்பது பக்கவாட்டில், ரிங்குக்கு எதிரில் இல்லை. காற்று ஏறிய பின் “சரியா உக்காரல” என்று சுத்தியலால் தட்டுவதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். கூண்டு இல்லாத கடை நிறைய. ஓர் உயிரோடு வைத்துப் பார்த்தால் கூண்டின் விலை பெரிதில்லை என்பதுதான் எரிச்சல்.

அடுத்தது ரேடியேட்டர். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் நீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடும், அவ்வளவு நீரும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே அடிக்கும். முகம், கழுத்து, முன்கை என்று ஒரே வரிசையில் வெந்துபோன காயங்கள் இப்படித்தான் வருகின்றன. குறைந்தது அரை மணி நேரம் விட்டு, மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்த பிறகு தடிமனான கோணியைப் போட்டு முதல் தடை வரைக்கும் மட்டும் திருகி நிறுத்த வேண்டும். புஸ் சத்தம் அடங்கினால் மீதி. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விடும், அது தனிச் செலவு. கொங்குப் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு; அதை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்வதால்தான் பல வண்டிகள் சித்திரையில் கொதிக்கின்றன. கூலன்ட் கலக்க முடியாதவர்கள் காய்ச்சி வடித்த நீரையாவது ஊற்றலாம். வெந்த இடத்தில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓட வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

பிரேக்குக்கும் ஆறும் நேரம் வேண்டும் என்பதைத் தருமபுரி தாண்டி சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாய் அடிக்கடி நினைவூட்டுகிறது. வீலோடு சுற்றும் பிரேக் டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், ஷூ அதிக தூரம் போக வேண்டியிருக்கும். ஷூவின் மேல் இருக்கும் லைனிங்கின் பிடியும் குறையும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, வழிநெடுகப் பெடலில் காலை வைத்துக்கொண்டு வருபவருக்கு அடிவாரத்தில் பிரேக் இருக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு, வேகம் கூடும்போது மட்டும் அழுத்தமாக ஒரு மிதி மிதித்து, குறைந்ததும் விட்டுவிட வேண்டும். சும்மா சும்மா மிதித்தால் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்க் காலியாகும். டிரம்மில் புகை வந்தால் நிறுத்தி, வீலுக்குக் கட்டை வைத்து, ஆற விடுவதுதான். தண்ணீர் அடித்தால் டிரம் வெடித்து விரிசல் விடும்.

எச்சரிக்கைக்காகச் சாலையில் வைக்கும் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வேப்பங்கொத்தும் நாலு கல்லும் வைப்பது நம் சாலை வழக்கம். வேலை முடிந்ததும் கொத்தும் கல்லும் அங்கேயே கிடக்கும். இரவில் வரும் பைக்குக்கு அது கண்ணுக்குத் தெரியாது. ஒளிரும் முக்கோணத்தை ஐம்பது மீட்டர் பின்னால், வளைவு என்றால் வளைவுக்கு முன்பே வைத்துவிட்டால் கல்லுக்கு வேலையில்லை. கல் வைத்தே ஆக வேண்டுமென்றால், கிளம்பும்போது அதைத் தூக்கி எறிவது கிளீனரின் கடைசி வேலை.

மனிதனும் இந்தக் கணக்கில்தான் வருகிறான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம். ஆனால் சாலையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. டிரைவருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் கொதிக்கிறது. அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கானதை டம்ளரில் கரைத்துக் குடிப்பது உதவாது. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினாலோ அது சோர்வு இல்லை, வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும். இருபது நிமிடத் தூக்கம் நல்லதுதான். எங்கே தூங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. மரமில்லாத யார்டில் நிழல் என்றால் லாரிக்கு அடியில்தான். சாக்கை விரித்துப் பின் வீலுக்கு முன்னால் கால் நீட்டிவிடுவார்கள். லோடு ஏற்ற டோக்கன் கூப்பிட்டதும் வேறொருவர் ஏறி வண்டியை எடுப்பார். யார்டில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் பாதி தீரும். மீதிக்கு ஒரே ஏற்பாடு: அடியில் படுப்பவர் வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும்.