கம்பஸ் படிச்சுக்கொண்டே வேலை தேடுறவங்களுக்கு
வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டு பகுதிநேர வேலை தேடுறீங்களா? சம்பளத்தைக் கேட்க முதல் தூரத்தைப் பாருங்க. செங்கலடி, ஏறாவூர்க் கடை என்றால் விரிவுரை முடிஞ்ச கையோட போகலாம். மட்டக்களப்பு டவுன் என்றால் பின்னேரம் பஸ்ஸிலயே போயிரும். கிழமைக்கு 12 மணித்தியாலம் போதும். கூடினால் முதல்ல அடிபடுறது விரிவுரை வரவுதான். பொதுவா 80 வீதத்துக்குக் குறைஞ்சால் பரீட்சைக்கு விடமாட்டாங்க. அதால பரீட்சை லீவையும் சேரும்போதே பேசிவைங்க.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டாயம் கேளுங்க, கூச்சப்படாதீங்க. பகுதிநேரம் என்றாலும் அது உங்கட உரிமை: உங்கட சம்பளத்தில 8 வீதம், முதலாளி போடுறது 12 வீதம். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி, அதையும் முதலாளிதான் கட்டவேணும்.

விலகும்போது சேவைக் கடிதம் வாங்குங்க. பட்டம் முடிச்சு விண்ணப்பம் போடுற நேரம் அனுபவத்துக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.