ஏழா, ஐந்தா?

எங்கள் கணக்கு வாத்தியார் கோணமானி சேர் தையில் காலமாகிவிட்டார். வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் ரொறன்ரோ சப்வேயில் ரெட்ரிஸ், அதுதான் விழும் கட்டைகளை அடுக்கும் கேம், விளையாடிக்கொண்டிருந்தேன். செய்தி திரையின் மேல் வந்து மறைத்ததில் நீளக் கட்டை பிழையான இடத்தில் விழுந்தது. 46 வயதில் இது ஒரு கவலையா என்று கேட்காதீர்கள். சேரின் நினைவு மலர்க் குழு கட்டுரை கேட்டிருக்கிறது. சேரின் கேத்திரகணிதத்தையும் வெள்ளை வேட்டியையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அவரோடு தீராத வழக்கு ஒன்று உண்டு.

1994. மாமா கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தபோது ரெட்ரிஸ் விளையாடும் ஒரு கையடக்க ‘பிரிக் கேம்’ கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கில் கேம் இருக்கிறதென்று பெட்டியில் போட்டிருந்தது. பாதிக்கு மேல் ஒரே கேம்தான், வேகம்தான் வேறு. அதற்குள் போட இரண்டு பென்ரோச் பற்றறி வேண்டும். பொருளாதாரத் தடையில் பற்றறி என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்துக் கால் மணித்தியாலம் ஓட்டுவேன்.

அப்படிக் காய்ந்த பற்றறியோடு ஒருநாள் மூன்றாம் பாடத்தில் மேசைக்குக் கீழே விளையாடினேன். நாலு வரிசை ஒன்றாகக் கரைந்தது. சத்தத்தை நிறுத்த மறந்திருந்தேன்.

“இஞ்ச வாரும். இதில எத்தனை விதமான கட்டை விழுகுது?”

“ஏழு, சேர்.”

“கீறும்.”

கீறினேன். நீளம், சதுரம், ரீ, இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைந்த எல் இரண்டு, படிக்கட்டு இரண்டு. சேர் டஸ்டரை எடுத்து ‘எல்’ ஒன்றையும் படிக்கட்டு ஒன்றையும் அழித்தார். “புரட்டிப் பாரும். ரெண்டும் ஒண்டுதான். நாலு சதுரத்தை ஒட்ட ஐந்து வழிதான் இருக்கு. விளையாடுறதையும் வடிவா விளையாடத் தெரியேல்லை.”

வகுப்பு சிரித்தது. ஏழும் ஐந்தும் சேர்ந்து எப்படியோ எனக்கு ‘ஏழரை’ என்று பெயராகிவிட்டது. குழுவில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

என் பதில் வாய் வரைக்கும் வந்தது. ரெட்ரிஸில் கட்டையைச் சுழற்றலாம், புரட்ட முடியாது. ஆகவே அங்கே ஏழுதான். இதைச் சொல்லியிருந்தால் சேர் சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குச் சாக்கட்டித் தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய் இருந்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் பெட்டியைத் திருப்பித் தந்தார். பாரமே இல்லை. மூடியைத் திறந்தால் பற்றறி இரண்டையும் காணோம். எங்கள் ஒழுங்கையில்தான் சேர் வீடு. அன்றிரவு அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் விறாந்தையில் கூடி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். ரேடியோ எந்தப் பற்றறியில் பாடியது என்பது எனக்கும் சேருக்கும் மட்டும் தெரியும். செய்தி முடியும்வரை தாக்குப்பிடித்தது. நான் நன்றாகத்தான் காயவைத்திருந்தேன்.

அப்புறம் 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாள். பிரிக் கேம் அலுமாரியிலேயே நின்றுவிட்டது.

1997இல் கொழும்பு வெள்ளவத்தையில் வெளிநாடு போக ஏஜென்சிக்காரனைப் பார்த்திருந்த நாட்களில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். படித்தது ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். முட்கள், வெட்டும் கதவுகள், உடையும் தரை எல்லாம் இருந்தாலும் அதில் எனக்குப் பிடித்தது நிழல்தான். நாலாம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துப் பாயும்போது உன்னிலிருந்தே ஒருத்தன் பிரிந்து ஓடுவான். கடைசிக் கட்டத்தில் வாளோடு எதிரே நிற்பான். அவனை வெட்டினால் உனக்குத்தான் உயிர் குறையும். இது விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்துதான் முடித்தேன். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை காலத்தில் நான் பார்த்த கேம்களில் இதைவிடப் புத்திசாலித்தனமான இடம் இல்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கேமான ‘ரோட் ராஷ்’ சுத்தப் பொறுக்கித்தனம், ஆனால் சங்கிலியால் அடிக்கும்போது நன்றாக இருக்கும். மகளின் ‘மைன்கிராஃப்ட்’ பரவாயில்லை, மண் வெட்டினால் மண் வருகிறது. மகன் ‘கோல் ஒஃப் டியூட்டி’, போர் கேம். “ஷெல் வாற சத்தத்தைச் சரியாச் செய்திருக்கிறாங்கள் அப்பா” என்றான் ஒருநாள். சரியாகச் செய்யவில்லை. நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

2014இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்த்தேன். அதே விறாந்தை, அதே சாய்மனைக் கதிரை. போகும் வழியில் பியர்சன் விமான நிலையத்தில் நாலு பற்றறி கொண்ட பக்கெற் ஒன்று வாங்கியிருந்தேன். பகிடியாகக் கையில் கொடுத்துவிட்டு, ஏழு ஐந்து வழக்கைத் தொடங்குவதாக உத்தேசம்.

சேர் என்னை அண்ணாவின் பெயர் சொல்லி அழைத்தார். “கனடாவில என்ன செய்யிறாய்?” என்றார். சொன்னேன். “கணக்கு விடேல்லைத்தானே?” என்றார். “இல்லை சேர்” என்றேன். மூன்றாம் முறையும் அண்ணாவின் சுகத்தை என்னிடமே விசாரித்தபோது, நல்லாயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

பக்கெற் பையிலேயே திரும்பி வந்தது. ரீவி றிமோட்டில் அந்தப் பற்றறிகள் நெடுநாள் ஓடின.