திங்கட்கிழமை ஆரஞ்சுத் தோல்கள்

எம்.ஏ. ஆங்கில வகுப்புக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ என்ற அமெரிக்க நாவலைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். இன்னொருவன் மனைவியாகிவிட்ட பழைய காதலி டெய்சியைத் திரும்பப் பெற, பணம் சேர்த்து விருந்து மேல் விருந்து வைக்கும் கேட்ஸ்பியின் கதை. ஒரு கட்டத்துக்கு மேல் பாடம் தானாகவே வாயில் வந்துவிடும். பச்சை விளக்கு என்றால் எட்டாத ஆசை. சாம்பல் பள்ளத்தாக்கு என்றால் நியூயார்க்கின் கழிவு வந்து சேரும் இடம். கண் டாக்டர் விளம்பரப் பலகையில் இருக்கும் அந்தப் பெரிய நீலக் கண்கள், கடவுள் காலி செய்துவிட்டுப் போன இடம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் அதையே எழுதுவார்கள், நானும் மார்க் போடுவேன். யாருக்கும் குறை இருந்ததில்லை.

ஒரு வருடம் ஒரு பையன் திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வரவே மாட்டான். வந்தாலும் கடைசி பெஞ்சில் தூக்கம். ஒரு நாள் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டேன். “முகூர்த்தம் மேம்” என்றான். வகுப்பே சிரித்தது. கல்யாண மண்டபங்களுக்குக் கேட்டரிங் சர்வீஸ் போகிறவன் அவன். சனிக்கிழமை ராத்திரி ரிசப்ஷன், ஞாயிறு காலை டிபன், மதியம் பந்தி, அப்புறம் பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஹாஸ்டலுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். பரிதாபம் ஒன்றும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “இப்படியே போனால் இன்டர்னல் மார்க் என்ன ஆகும்?” என்று ஆசிரியர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டு உட்காரச் சொன்னேன்.

பிறகு மூன்றாம் அத்தியாயம் வந்தது. 1922ஆம் ஆண்டு கோடைக்காலம், லாங் ஐலண்டில் கேட்ஸ்பியின் மாளிகை, விடிய விடிய விருந்து. மதுவிலக்குச் சட்டம் இருந்த காலத்தில் அங்கே மது ஆறாக ஓடுவதையும், வந்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் யாரென்றே தெரியாததையும் சொல்லி, இந்த ஆடம்பரத்துக்குள் இருக்கும் வெறுமையைப் பாருங்கள் என்று வழக்கம்போல முடித்தேன். கடைசி பெஞ்சில் அன்று தூக்கம் இல்லை.

“மேம், அந்த ஆரஞ்சு மேட்டர் பரீட்சைக்கு வருமா?”

எந்த ஆரஞ்சு என்று உடனே பிடிபடவில்லை. அவனே படித்துக் காட்டினான். வெள்ளிக்கிழமைதோறும் நியூயார்க் பழக்கடையிலிருந்து ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்து இறங்கும். திங்கட்கிழமை அதே பழங்கள் பிழிந்த தோலாகப் பின்வாசல் வழியே குவியலாக வெளியே போகும். சமையலறையில் ஒரு இயந்திரம் உண்டு. அரை மணி நேரத்தில் 200 பழங்களைப் பிழிந்துவிடும், ஆனால் அதற்கு வேலைக்காரர் ஒருவர் தன் கட்டைவிரலால் 200 தடவை பொத்தானை அமுக்க வேண்டும்.

“ஒன்பது செகண்டுக்கு ஒரு தடவை மேம்” என்றான். கணக்குப் போட்டு வைத்திருந்தான். “அந்தக் கட்டைவிரல் மறுநாள் என்னத்துக்கு ஆகும்?”

அதே பக்கத்தில், தோட்டத்தில் கூடாரத் துணியும் வண்ண விளக்குகளும் கட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு கேட்டரிங் படை வந்து இறங்குவதையும் அவன் கோடு போட்டு வைத்திருந்தான். திங்கட்கிழமைகளில் எட்டு வேலைக்காரர்கள் துடைப்பமும் சுத்தியலும் தோட்டக் கத்தரியுமாக முந்தின நாள் நாசத்தை நாள் முழுக்கச் சரிசெய்வதற்கும் ஒரு கோடு. அந்த வரிகளை நான் எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். “வளமான வர்ணனை” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் நாவலை மறுபடி எடுத்தேன், இந்த முறை குறியீடு தேடாமல். அவன் ஏற்கெனவே சொன்ன ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டரிங் கான்ட்ராக்டர் தரும் கோட்டு அவரவர் அளவுக்கு இருக்காது, முந்தின நாள் போட்டவனின் வியர்வை வாடை அதில் இருக்கும். அதனாலோ என்னவோ, கண்ணில் பட்டதெல்லாம் துணியாகவே இருந்தது.

கராஜ் வைத்திருக்கும் வில்சன் கல்யாணத்தன்று போட்டிருந்தது இரவல் சூட். மனைவி மிர்ட்டிலிடம் அவன் அதைச் சொல்லவில்லை. சூட்டுக்காரர் திருப்பிக் கேட்டு வந்து நின்றபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. மதியம் முழுக்கப் படுத்து அழுகிறாள். அவள் டெய்சியின் பணக்காரக் கணவன் டாம் புக்கானனிடம் போய் விழுந்ததைப் பேராசை என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டே வரியில் வரும் அந்த இரவல் சூட்டை வகுப்பில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கேட்ஸ்பி டெய்சியின் வீட்டுக்குள் போனதும் துணியின் தயவில்தான். 1917இல் லூயிவில் நகரில் அவன் கையில் காசில்லாத ராணுவ லெப்டினன்ட். ராணுவ உடுப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதைப் போட்டவன் வங்கிக்காரர் மகனா, வடக்கு டகோட்டா ஏழை விவசாயி மகனா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவளும் அவனைத் தன் தரத்து ஆள் என்றே நம்பினாள், அவனும் அப்படியே நம்பவிட்டான். போர் முடிந்து திரும்பியபோது மாற்றுத் துணி வாங்க வழியில்லாமல் அதே உடுப்போடு அலைந்தான் என்று அவனைத் தூக்கிவிட்ட சூதாட்டக்காரர் உல்ஃப்ஷைம் பிற்பாடு சொல்கிறார். (2013இல் வந்த படத்தில் இந்த வேடம் அமிதாப் பச்சனுக்கு. வகுப்பு தூங்கும்போது இதைச் சொன்னால் போதும், எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள்.) இரண்டு நாள் பட்டினி கிடந்தவன், அரை மணி நேரத்தில் நாலு டாலருக்கு மேல் சாப்பிட்டானாம்.

அதற்குள் டெய்சிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. 1919 ஜூனில், கல்யாணத்துக்கு முந்தின நாள், டாம் அவளுக்குக் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். கதை சொல்லும் நிக் தன் சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை மாதம் 80 டாலர். நானும் என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டேன். அந்த மாலைக் காசுக்கு நிக் 364 வருடம் வாடகை கட்டலாம்.

பிறகு கேட்ஸ்பியும் சம்பாதிக்கிறான். இங்கிலாந்திலிருந்து பருவத்துக்குப் பருவம் சட்டைகள் வருகின்றன. அவற்றை அள்ளி அள்ளி மேசையில் போட, டெய்சி முகம் புதைத்து அழுகிறாள். ஆனால் டாமுக்கு அவனுடைய ரோஸ் நிற சூட் ஒன்றே போதும், இவன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் இல்லை என்று சொல்வதற்கு. இன்னொரு நாள் குதிரையில் வந்த ஒரு பெண் பேச்சுக்கு அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அது வெறும் பேச்சு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. தொப்பியும் மேல்கோட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், குதிரைகள் போய்விட்டன. காதல் தோற்கும் கட்டத்தைவிட எனக்கு இந்த வாசல்தான் வலிக்கிறது.

எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் இது சொந்த அனுபவம். ராணுவ உடுப்பில் இருந்தபோது பார்த்த செல்டா, இவரிடம் காசில்லை என்று 1919இல் நிச்சயத்தை முறித்தார். 1920இல் முதல் நாவல் வெளிவந்த சில நாட்களிலேயே அவரோடு கல்யாணம் நடந்தது. ஐந்து வருடம் கழித்து வந்ததுதான் கேட்ஸ்பி. நான் இதையெல்லாம் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

அந்த செமஸ்டரின் நடுவில் தெரிந்தவர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். பந்தியில் மெரூன் கோட்டு ஒன்று ஐஸ்கிரீம் தட்டோடு வந்தது. கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்ட கோட்டு. அவன்தான். என்னைப் பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள், “ஒண்ணு எடுத்துக்கோங்க மேம்” என்று யாரோ ஒரு விருந்தாளியிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். கேட்ஸ்பிக்கு உடுப்பு கதவைத் திறந்துவிட்டது. இவனை உடுப்பு கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் ஆக்கியது. சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை அதுதான் அவனுக்கும் வசதியாக இருந்ததோ என்னவோ, நான் பிறகு கேட்கவில்லை.

ஏழாம் அத்தியாயம் நடத்தியது ஒரு திங்கட்கிழமை. ஆச்சரியமாக அவன் வந்திருந்தான். டெய்சி இப்போது மதிய நேரங்களில் கேட்ஸ்பி வீட்டுக்கு வருகிறாள். ஊர் வாய்க்குப் பயந்து அவன் பழைய வேலைக்காரர்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டு உல்ஃப்ஷைமின் ஆட்களை வைத்துக்கொள்கிறான். அவளுக்காக விருந்துகளையே விட்டுவிட்டான் பாருங்கள், எப்பேர்ப்பட்ட காதல் என்று ஆரம்பித்தேன். கை உயர்ந்தது.

“நிறுத்தினவங்களுக்கு அந்த வாரச் சம்பளம் செட்டில் பண்ணிட்டாரா மேம்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பின்னால் இரண்டு பக்கம், முன்னால் இரண்டு பக்கம் புரட்டினேன். அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.