கிழங்கிடமே கேட்டுவிடலாம்

ஆய்வகத்தில் நிறமில்லாத கரைசலை நம்பவே கூடாது. தாமிர சல்பேட் நீலமாக நின்று தானே தன்னை அறிவித்துக்கொள்ளும். அம்மோனியா இருக்கும் இடத்தை மூக்கே சொல்லிவிடும். சர்க்கரைக் கரைசலோ, அரைக்கரண்டி கரைத்தாலும் ஒரு பை கரைத்தாலும், ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும்.

அதனால்தான் சவ்வூடு பரவல் (சவ்வின் வழியே நீர் செறிவு மிகுந்த பக்கம் நகர்வது) செய்முறை நாளன்று நான் முதலில் சொல்வது, "பெயர் எழுதுங்கள், கண்ணாடிப் பென்சிலால் எழுதுங்கள்" என்பது. எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கு மதிப்பெண் இருந்தால் என் வகுப்பில் யாரும் தோற்க மாட்டார்கள்.

செய்முறை எளிதுதான். ஆறு முகவைகள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்ற ஐந்தில் 0.2 மோலார் முதல் 1.0 மோலார் வரை செறிவுள்ள சுக்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல். தக்கை துளைப்பானால் உருளைக்கிழங்கைக் குடைந்து, ஒரே நீளத்துக்கு நறுக்கி, எடை பார்த்துப் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, ஒற்றி, மறுபடி எடை பார்க்க வேண்டும். கிழங்கின் உள்ளே இருப்பதைவிட வெளியே செறிவு குறைவென்றால் நீர் உள்ளே போகும், எடை கூடும். வெளியே செறிவு அதிகமென்றால் நீர் வெளியேறும், துண்டு துவண்டுவிடும். எடை மாற்றத்தின் சதவீதத்தை வரைபடத்தில் குறித்தால், கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம் கிழங்கின் செல்சாற்றுக்கு ஈடான செறிவு.

மூன்றாம் மேசையினர் கண்ணாடிப் பென்சில் இருக்க, மைப் பேனாவால் சின்னச் சின்னத் தாள்களில் அழகாக எழுதி, ஈரமான கண்ணாடியின் மேல் பசையால் ஒட்டினார்கள். இடைவேளையில் சுத்தத்தின் மேல் திடீர்ப் பற்று கொண்ட யாரோ ஒருவர் மேசையைத் துடைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது முகவைகள் வட்டமாகக் கூடி நின்றன. தாள்கள் கழுவுதொட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதில் ஒன்று 0.6 ஆகவும் இருக்கலாம், 0.8 ஆகவும் இருக்கலாம். மை ஓடியிருந்தது.

துடைத்தவர் யார் என்ற விசாரணையிலேயே நல்ல பொழுது போனது. பிறகுதான் எந்த முகவை எது என்ற கேள்வி வந்தது.

"சார், நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றான் ஒருவன். ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, அது சர்க்கரை என்று நீயே சத்தியம் செய்தாலும் கூடாது என்றேன். முந்தைய வகுப்பு அந்த முகவையில் என்ன வைத்திருந்தது என்பதற்கு யார் சத்தியம் செய்வது?

இன்னொருத்தி, துண்டுகள் மிதக்கும் முகவைதான் மிகவும் கெட்டியானது என்றாள். நியாயமான பேச்சு. கிழங்கின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.08 கிராம். 1 மோலார் சுக்ரோஸ் கரைசலின் அடர்த்தியோ சுமார் 1.13. ஆனால் அதை வைத்து ஒரு முகவையைத்தான் பிடிக்க முடியும். மற்ற ஐந்து?

அப்போது குழுத் தலைவன் எழுந்தான். அவன் முகத்தில் கண்டுபிடிப்பாளனின் களை.

"ரொம்ப எளிது, சார். கிழங்கிடமே கேட்டுவிடலாம். எந்தத் துண்டு எடை அதிகமாகக் கூடியிருக்கிறதோ அது தண்ணீர். எது அதிகமாக இளைத்திருக்கிறதோ அது 1.0. இடையில் இருப்பவற்றை வரிசையாக வைத்துவிடலாம்."

"வைத்துவிட்டு?"

"வரைபடம் வரைந்து, செறிவு கூடக்கூட எடை குறைகிறது என்று நிரூபிப்போம்."

மேசையே அவனைப் பெருமையோடு பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. கிழங்கைக் கேட்டுக் கரைசலுக்குப் பெயர் வைப்பது, பிறகு அந்தப் பெயரைக் காட்டிக் கிழங்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது! இந்த முறையில் செய்தால் எந்தக் கொள்கையும் தோற்காது. வரைபடம் வழவழவென்று வரும். தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைத் தேடுகிறாய், தம்பி என்று சொன்னேன். "ஆனால் விடை சரியாகத்தானே வரும், சார்?" என்று கேட்டான். அதுதான் சிக்கலே.

அதுவரை வாய் திறக்காமல் கிழங்குத் துணுக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண், "அலமாரியில் நீங்கள் தயாரித்து வைத்த கரைசல்கள் இருக்கின்றனவா, சார்?" என்றாள். இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயரோடு. கூடவே மெதிலின் நீலச் சாயம் கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. சார்டகோவ் முறை, நிறமூட்டிய சொட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது. வழக்கமாக அதைத் திசுவின் நீர்நிலையை அறியப் பயன்படுத்துவார்கள். இவள் முகவைக்கு அடையாள அணிவகுப்பு நடத்தப் புறப்பட்டுவிட்டாள்.

ஆறு முகவைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் சோதனைக் குழாய்களில் ஊற்றினாள். அலமாரியின் 1.0 மோலார் கரைசலில் துளி நீலம் கலந்தாள். சொட்டுக்குழாயின் நுனியைக் கரைசலின் நடுவரை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சொட்டை விட்டாள். சொட்டு வெளியிலிருப்பதைவிடக் கனமென்றால் இறங்கும், இலேசென்றால் ஏறும், இரண்டும் ஒன்றென்றால் இருந்த இடத்திலேயே நின்று மெல்லக் கலையும்.

இறங்கியது. அடுத்த குழாயிலும் இறங்கியது. நீல நூல் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஆறு குழாய்களிலும் அடிவரை போய்ச் சேர்ந்தது.

ஆறிலுமா? அப்படியென்றால் மூன்றாம் மேசையில் 1.0 மோலார் என்று ஒன்று இல்லவே இல்லை.

0.8 எடுத்து விட்டாள். ஒரு குழாயில் மட்டும் சொட்டு இறங்காமல் தயங்கியது, யோசித்தது, பிறகு சோம்பலாக மேலே நகர்ந்தது. ஆக அவர்களுடைய மிகக் கெட்டியான கரைசல் 0.8-ஐவிட ஒரு மயிரிழை அதிகம், அவ்வளவே. 0.6, 0.4, 0.2 சொட்டுகளையும் கடைசியாக நீலம் கலந்த தண்ணீர்ச் சொட்டையும் வைத்து மற்றவையும் வரிசைக்கு வந்தன. தாள் காணாமல் போன வழக்கு முடிந்தது, ஆனால் பெரிய வழக்கு இப்போதுதான் திறந்தது.

"கரைசலை எப்படித் தயாரித்தீர்கள்?"

"சரியாகத்தான், சார். 250 மில்லிலிட்டருக்கு 85.6 கிராம். 250 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து, சர்க்கரையைப் போட்டுக் கலக்கினோம்."

"அளவுக் குடுவையில் கரைத்துக் கோடு வரை நிரப்பச் சொன்னேனே?"

"குடுவையின் கழுத்து குறுகலாக இருந்தது, சார். பெரிய முகவையில் செய்தோம். எங்களுக்குக் கரைசல் மிச்சம்கூட வந்தது!" என்று தலைவன் பெருமையாகச் சொன்னான்.

மிச்சம் வராமல் எங்கே போகும்? சர்க்கரை கரைந்தால் கண்ணுக்குத்தான் மறைகிறது, இடத்தைக் காலி செய்வதில்லை. 250 மில்லிலிட்டர் நீரில் 85.6 கிராம் சுக்ரோஸ் போட்டால் மொத்தம் 300 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும். செறிவு 1.0 அல்ல, ஏறக்குறைய 0.82. அதிலிருந்து நீர்த்துச் செய்த எல்லாமே அதே விகிதத்தில் சறுக்கியிருந்தன: 0.66, 0.49, 0.33, 0.16. தண்ணீர் மட்டும்தான் யோக்கியமாக இருந்தது.

"கொஞ்சம்தானே, சார், வித்தியாசம்?" என்றார்கள். 1 மோலார் சர்க்கரைக் கரைசலைத் தூய நீருக்கு எதிரே சவ்வின் மறுபக்கம் வைத்தால், நீர் உள்ளே புகாமல் தடுக்க 24 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சமா என்று கேட்டேன். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் வான்ட் ஹாஃப் அவர்களுக்குக் கிடைத்ததே இந்தச் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கும் சேர்த்துத்தான் என்றும் சொன்னேன். "அவருக்குத் தாள் விழவில்லையா, சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பழைய எண்களோடு வரைந்திருந்தால் அவர்கள் கோடு 0.37 பக்கம் பூஜ்ஜியத்தைக் கடந்திருக்கும். திருத்திய எண்களோடு வரைந்ததும் வகுப்பின் மற்ற மேசைகளைப் போலவே 0.3 அருகே வந்து விழுந்தது. தாள் மட்டும் ஒழுங்காக ஒட்டியிருந்தால் இந்தத் தவறு யாருக்கும் தெரியாமலே பதிவேட்டில் ஏறியிருக்கும். மேசையைத் துடைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குழுத் தலைவன் தீர்மானம் கொண்டுவந்தான். அப்போதும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு மனக்குறை: அளவுக் கோட்டைப் பற்றி இனி என்ன சொன்னாலும், "மிச்சம் வருமே, சார்" என்று இந்த மேசை சிரிக்கப்போகிறது.

இத்தனை கலவரத்திலும் முதல் மேசை சத்தமே இல்லாமல் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் பதிவேட்டை நீட்டிவிட்டார்கள். இறுதி எடை ஆறும் எழுதியிருந்தது, புள்ளிகள் ஆறும் அளவுகோல் வைத்ததுபோல் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. பொதுவாகச் செறிவு மிகும் பக்கம் கோடு சற்று வளைந்து படுக்கும். இது படுக்கவில்லை. பாராட்டலாம் என்று மேசைக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு முகவைகளிலும் கிழங்குத் துண்டுகள் இன்னும் ஊறிக்கொண்டிருந்தன.