அப்பாவின் எட்டு முழம்

கஞ்சி காய்ச்சுவது என் வேலை. ஒரு கைப்பிடி ஜவ்வரிசியைத் தண்ணீரில் போட்டு, மணி ஒன்றுகூடத் தெரியாமல் கண்ணாடிபோல் கரையும்வரை கிளற வேண்டும். பிறகு பழைய துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு கட்டி தப்பினாலும் வேட்டியில் ஒட்டிக்கொண்டு, இஸ்திரி போடும்போது திட்டாகத் தெரியும். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை, சுற்றிலும் மரவள்ளிக்கிழங்கு ஆலைகள். நீலம் மட்டும் அம்மா கையால்தான். ஒரு சொட்டு கூடிவிடும் என்று என்னை நம்ப மாட்டார்.

அப்பா செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். வேலைக்குக் கட்டியது பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த வேட்டி. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் அது. அந்த வேட்டியைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. எத்தனையோ தறிகள் அதனால் ஓடின. ஆனால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும்.

விசேஷத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு எட்டு முழம். நூறாம் நம்பர் நூல். நம்பர் கூடக்கூட இழை மெலியும். அந்த மெல்லிய துணி கஞ்சி குடித்து விறைத்து நிற்கும்போது வரும் வெண்மையைத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருக்கும். இஸ்திரிப் பெட்டியில் கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு, சாம்பலை வாசலில் ஊதிவிட்டு, அடியில் கஞ்சி பிடித்தால் வாழை இலைமேல் ஒரு முறை இழுத்துவிட்டுத் தேய்ப்போம். அதைக் கட்டிய நாளில் அப்பா நடப்பதே வேறு. நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடப்பார்.

அதற்கு மேல் ஓர் உடுப்பு உண்டு என்று அவர் நினைத்ததில்லை. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்று சென்னையில் ஒரு கிளப் உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே அதைத் தடுக்கச் சட்டசபையில் சட்டம் வந்தது. நாளிதழை இரண்டு முறை படித்துவிட்டு, "அங்கே வேறு எதைக் கட்டிக்கொண்டு போவார்கள்?" என்று அப்பா என்னிடம் கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

1994இல் அக்காவின் நிச்சயதார்த்தம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்தது. காலையிலிருந்து அப்பா உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும். நாற்காலியை யார் இழுத்துப் போட்டாலும், "நீங்க உட்காருங்க" என்று தள்ளிவிட்டார். விறைத்த சட்டை வலது தோளில் மட்டும் கொஞ்சம் தூக்கி நின்றது, உள்ளே மூட்டை சுமந்த காய்ப்பு. எங்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் பெரியப்பா மரியாதையாகக் கேட்டார்: "மண்டியில் உங்களுக்கு என்ன சரக்குங்க?"

"மூட்டை தூக்குகிறேனுங்க" என்றார் அப்பா. குரல் இறங்கவில்லை. வேட்டி நுனியையும் விடவில்லை.

இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொண்டார் என்று உறவில் ஒருவர் பிறகு சொன்னார். இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் ஆறவில்லை. ஏமாற்ற வந்தவரா அப்படிப் பதில் சொல்வார்? மகளைக் கொடுக்கும் நாளில் முதலாளிகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று நினைத்தார், நின்றார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் வேட்டியை அவிழ்த்து, பழைய மடிப்பின்மேலேயே மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். ரேஷன் வேட்டியைச் சுற்றிக்கொண்டார். அதன் பிறகுதான், சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.