மண் தள்ளுவதற்கு முன்

திட்ட மேலாண்மை வகுப்பு எதுவானாலும் முதல் நாளே பலகையில் ஐந்து பெட்டிகள் வந்துவிடும். தொடக்கம், திட்டமிடல், செயலாக்கம், கண்காணிப்பும் கட்டுப்பாடும், நிறைவு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி. கட்டட வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரியில் வார இறுதி வகுப்புக்குப் போய் உட்கார்ந்த எனக்கு, அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுந்தது. நான்காவது பெட்டி வரும்வரை யாரும் எதையும் கண்காணிக்க மாட்டார்களா?

பாடநூலின் மீது பழி போட முடியாது. திட்ட மேலாண்மைக்காக 1969-இல் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் வழிகாட்டி, இந்த ஐந்தும் கட்டங்கள் அல்ல, செயல்முறைத் தொகுதிகள் என்று சொல்லியே இருக்கிறது. 2017-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு 49 செயல்முறைகளை இந்த ஐந்துக்குள் அடுக்கியது. கட்டங்கள் வேறு. ஒரு கட்டடத்துக்கு மண் பரிசோதனை, வரைபடம், மதிப்பீடு, டெண்டர், அஸ்திவாரம், மேல்கட்டு, பூச்சு, ஒப்படைப்பு என்று அவை போகும். அந்த வரிசைதான் திட்டத்தின் வாழ்க்கைச் சுழற்சி. அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஐந்து தொகுதிகளும் ஒரு சுற்று வந்து போகும். வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்தார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மொத்தப் பாடமும்.

கடலூர்க் கடற்கரையில், தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பள்ளிக் கட்டடம் எங்களிடம் வந்தது. அங்கே கடைக்கால் தோண்டினால் ஆளுயரம் இறங்குவதற்குள் மணலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறும். இரவும் பகலும் மோட்டார் ஓட வேண்டும். நின்றால் பக்கச் சுவர் சரிந்து பள்ளம் தூர்ந்துவிடும். அஸ்திவாரம் என்பது அட்டவணையில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குத் தனியாக ஒரு தொடக்கம் தேவைப்பட்டது: மண் அறிக்கை சொன்ன ஆழத்தை உரிமையாளர் தரப்புப் பொறியாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் முதல் மண்வெட்டி இறங்கியது. திட்டமிடல் என்றால் மோட்டார், மாற்று மோட்டார், டீசல், இறைத்த தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராதபடி எந்தப் பக்கம் விடுவது என்பது வரை. கடைசியாகச் சொன்னதற்கு எந்தப் பாடநூலிலும் இடம் இல்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் முதலில் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

கண்காணிப்பும் அங்கேயே தொடங்கிவிட்டது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது. கம்பி போட்ட காங்கிரீட் எம் 30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீர், சிமெண்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காங்கிரீட் இருக்க வேண்டும், பூட்டிங் (தூணைத் தாங்கும் அடித்தளம்) என்றால் 50. உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைப் பிளந்துவிடும் என்பதால் இந்தக் கெடுபிடி. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் நழுவியிருக்கிறதா என்று காங்கிரீட் விழுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

நான் அதிகம் சிந்தித்தது நிறைவைப் பற்றித்தான். நிறைவு என்றால் ரிப்பன் வெட்டுவது, சாவி கொடுப்பது, கடைசி பில் என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு அது பொருந்தாது. பூட்டிங் மீது மண்ணைத் தள்ளிவிட்டால் அதன் நீள அகலமும் ஆழமும் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால் மண் தள்ளுவதற்கு முன்பே அளந்து, படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, அளவுப் புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். அந்தக் கட்டம் அன்றைக்கு நிறைவடைகிறது, கட்டடம் முடிய எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும்.

ஆனால் முழுமையாக நிறைவடைகிறதா என்றால் அதுவும் இல்லை. காங்கிரீட் கட்டியை உடைத்துப் பார்க்கும் சோதனையில் இறுதி முடிவு 28-ஆம் நாள்தான் வரும். அதுவரை பள்ளத்தைத் திறந்து வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஏழாம் நாள் முடிவை வைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளிவிட்டு, நிலுவை என்று ஒரு குறிப்பு எழுதி வைப்போம். படத்தில் பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கோடு களத்தில் அவ்வளவு நேராக இருப்பதில்லை.

ஒரு மூலையில் மணலுக்கு நடுவே களிமண் திட்டு வந்தது. அந்தப் பூட்டிங்கை இன்னும் ஆழமாக இறக்க வேண்டியதாயிற்று. வேலை நடந்தபோது தலையாட்டிய உரிமையாளர் தரப்பு, பில் போனதும் கூடுதல் ஆழத்துக்குப் பணம் எதற்கு என்றது. மாற்றத்துக்கு ஒப்புதல் தந்த கடிதமும் கையெழுத்தான அளவுத் தாளும் கோப்பில் இருந்ததால் பேச்சு அத்துடன் முடிந்தது. மாற்றக் கட்டுப்பாடு என்று அந்த வழிகாட்டியின் 49-க்குள் ஒன்றாக வரும் செயல்முறை இதுதான். அதைக் காகித வேலை என்று அலுத்துக்கொள்ளும் இளம் பொறியாளர்களை ஒரு முறை பில் பாஸ் ஆகும் அறையில் உட்கார வைக்க வேண்டும்.

கால அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கியப் பாதை முறை 1950களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகப் பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலை தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகும் என்பதை இவை காட்டும். கடலூரில் அந்தப் பாதை மழையிலிருந்து பின்னோக்கி வரையப்படுகிறது. ஐப்பசி பிறப்பதற்குள் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். மார்கழியில் மழை விட்டுவிடும் என்ற கணக்கும் கூடாது; 2011-இல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் என்றைக்குத் திரும்புவார்கள் என்பதையும், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சாலையில் லாரி நுழைய முடியாது என்பதையும் எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது.

அக்காள் மகன் புதுச்சேரியில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். “மாமா, இப்படி வரிசையாகச் செய்வதை எல்லாம் நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்” என்பான். மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து காட்டித் திருத்தும் முறைக்காக 2001-இல் பதினேழு பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை அவனுக்கு வேதம். ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததற்குப் போகும் அருவி முறைக்கு மூலம் என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையை அவனிடம் காட்டினேன். அருவி என்ற சொல்லே அதில் இல்லை. அந்த வரிசையை வரைந்து காட்டிவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை அழைத்துக்கொள்வீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பையன் கொஞ்சம் அசந்துபோனான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அஸ்திவாரத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிப் பார்க்க முடியாது. ஆனால் வகுப்பறைகளின் உள்ளமைப்பை அப்படிச் செய்யலாம். ஓர் அறையை மட்டும் முதலில் முடித்து, ஆசிரியர்களை அழைத்துக் காட்டினோம். கரும்பலகையில் சன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்றார்கள். மற்ற அறைகளில் பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். வரைபடக் கட்டத்திலேயே கேட்டிருந்தாலும் அவர்களுக்கு இது தோன்றியிருக்காது. ஒரே திட்டத்துக்குள் ஒரு பகுதி வரிசையாகவும் ஒரு பகுதி சுற்றுச் சுற்றாகவும் போகலாம். பி.எம்.ஐ. வழிகாட்டியின் 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு செயல்முறைப் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளி, 12 கோட்பாடுகளை முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு இந்த வகைக் கலப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவருக்கு நான் இன்னும் அந்த ஐந்தைத்தான் சொல்லித் தருகிறேன். கோட்பாடு, சில முறை அடிபட்டவனுக்குத்தான் விளங்கும்.

பள்ளியை ஒப்படைத்த பிறகு, ஒவ்வொரு கட்டத்தின் நிறைவுத் தாளையும் மதிப்பீட்டுடன் வைத்து ஒப்பிட்டோம். சிமெண்ட், கம்பி எல்லாம் கணக்குக்கு நெருக்கமாகவே இருந்தன. தண்ணீர் இறைத்த செலவுதான் கைக்கடங்காமல் போயிருந்தது. மண் தோண்டும் விலைக்குள்ளேயே அதைச் சேர்த்துப் போட்டிருந்ததால் முன்பு யார் கண்ணிலும் படவில்லை. இப்போது பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு டெண்டருக்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீர் இறைப்பை அதில் தனி இனமாக, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியாயிற்று.