விடியக் காலை வெள்ளைப் புகை: ஹீற்றர் பிளக்கும் திறப்புச் சுவிச்சும்

விடியக் காலையில் ஸ்டார்ட் வராமல் அடம்பிடித்துவிட்டு மத்தியானம் திறப்பைத் தொட்டவுடன் பிடிக்கிற டீசல் ட்ரக்டருக்குப் பெரும்பாலும் டீசல் பம்பில் பிழை இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குறைக்காகப் பம்பைக் கழற்றி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய், கடன்பட்டுச் செலவழித்து, திரும்பிவந்து பூட்டினால் அடுத்த நாள் காலை பழைய கதைதான் என்று நிற்கிற ஆட்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். காலபோகத்துக்கு முதல் மழை விழுந்து எல்லாரும் ஒரே நேரத்தில் உழவுக்கு இறங்கும்போது இரண்டு நாள் மெசின் நின்றால் அது எவ்வளவு பெரிய அடி என்று வயல் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சித்தப்பாவின் வயல் வவுனிக்குளத்துக்குக் கீழே. அவரிடம் இருப்பது ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்த சின்ன மூன்று சிலிண்டர் ட்ரக்டர். கொஞ்சக் காலமாக அதை இரவில் குளக்கட்டுப் பக்கத்து இறக்கத்தில்தான் விடுவார், காலையில் உருட்டிப் பிடிக்க வைப்பதற்காக. செல்ஃப் அடித்தால் நல்லாகச் சுற்றும், சைலன்சரால் வெள்ளைப் புகை தள்ளும், டீசல் மணக்கும், ஆனால் பிடிக்காது. "பற்றரி புதுசு தம்பி, பம்பைத்தான் கழற்ற வேணும் போல" என்றார். எனக்கு அந்தப் புகைதான் பதில் சொன்னது. சுற்றும்போது வெள்ளையாக, டீசல் மணத்தோடு புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. சூடு காணாது. புகையே வராமல் சுற்றினால்தான் டீசல் வரவில்லையா, பைப்பில் காற்றுப் பிடித்துவிட்டதா என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

இங்கே ஒரு பெரிய தப்பெண்ணம் ஓடுகிறது: வன்னி வெயிலுக்கு ஹீற்றர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முதல் பற்றரிக் கரண்டில் நுனி சிவந்து எஞ்சினுக்குள் சூடு கொடுக்கிற பிளக்) எதற்கு, அது குளிர் நாட்டுக்காரனுக்கு. மாசி பெர்குசன் 135, 240 வைத்திருப்பவர்கள் இதைச் சொன்னால் அவர்கள் மெசினுக்கு அது சரி. அவற்றின் பெர்கின்ஸ் எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனின் தலையிலுள்ள குழிக்குள் தெளிக்கப்படுகிறது, சிலிண்டருக்கு ஒரு பிளக் என்று அதில் கிடையாது. காற்றுப் போகும் குழாயில் இருந்து காற்றைச் சூடாக்குகிற தெர்மோஸ்டார்ட் வேலை செய்யாவிட்டாலும் எங்கள் காலநிலையில் பிடித்துவிடும். ஆனால் சின்ன ஜப்பான் எஞ்சின்களில் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்குள் தனியாக ஒரு சின்ன அறை இருக்கும், டீசல் அதற்குள்தான் விழும். அழுத்திச் சூடாக்கிய காற்று அந்தக் குளிர்ந்த இரும்புச் சுவரில் பட்டுச் சூட்டை இழந்துவிடும், அதற்காகத்தான் அந்த அறைக்குள் பிளக்கின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. மார்கழி, தை விடியலில் பனி கொட்டும்போது மட்டுமில்லை, சாதாரண நாளிலும் இரவு முழுக்க ஆறின எஞ்சினுக்கு இது தேவை. ஆகவே உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஹெட்டில் ஒரே வரிசையில் சின்னச் சின்னப் பிளக்குகள் இருந்து அவற்றின் தலைகளை ஒரு தகடோ வயரோ இணைத்துக்கொண்டு போனால் அது ஹீற்றர் பிளக் எஞ்சின்.

சரி, சோதனை. எல்லாரும் செய்வது டெஸ்ட் லாம்பைப் பிளக்கின் தலையில் வைத்துப் பார்ப்பது, பல்ப் எரிந்தால் "கரண்ட் வருகுது" என்று விட்டுவிடுவது. அது காணாது. அந்தச் சின்னப் பல்ப்புக்கு அரை அம்பியர்கூட வேண்டாம், ஒரு 12 வோல்ட் ஹீற்றர் பிளக்குக்கோ கிட்டத்தட்ட 10 அம்பியர் வேண்டும், மூன்று பிளக் என்றால் 30. கரிந்துபோன கொன்டக்டும் கறள் பிடித்த இணைப்பும் அரை அம்பியரை ஒரு குறையும் காட்டாமல் விட்டுவிடும், 30 அம்பியர் கேட்டால்தான் அதன் சாயம் வெளுக்கும். ஆகவே பிளக்குகள் எல்லாம் பூட்டியபடி, ஒருவர் திறப்பை ஹீட்டில், அதாவது பிளக்கைச் சூடாக்குகிற நிலையில், திருப்பிப் பிடித்திருக்கும்போதுதான் மீற்றரால் அளக்க வேண்டும். கடையில் வாங்குகிற ஆக மலிவான டிஜிற்றல் மீற்றர் போதும்.

சித்தப்பாவின் மெசினில் ஹீட்டைப் பிடித்தபடி பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்தால் 11.8 வோல்ட். பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் 7.9. வழியில் 3.9 வோல்ட் காணாமல் போகிறது. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் சூடு வோல்டின் வர்க்கத்தோடு போகிறது. 11.8க்குப் பதிலாக 7.9 கிடைத்தால் பிளக்கின் வலு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அப்படியான பிளக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தால் சுடத்தான் செய்யும், "நல்லாக இருக்கு" என்று சொல்லத் தோன்றும், ஆனால் நுனி சிவக்காது.

அந்த 3.9 எங்கே போகிறது என்று ஒவ்வொரு துண்டாகப் பிடிக்கலாம். ஹீட் ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றரின் இரண்டு கம்பியையும் ஒரே வயரின் இரண்டு முனையில் வைத்தால் அந்தத் துண்டில் தொலைகிற வோல்ட் நேராகத் தெரியும். பற்றரியிலிருந்து சுவிச் வரை 0.4, சுவிச்சிலிருந்து பிளக் வரை 0.6, எஞ்சின் உடம்பிலிருந்து பற்றரியின் நெகற்றிவ் வரை 0.3, மிச்சம் 2.6 திறப்புச் சுவிச்சின் உள்ளுக்குள்ளேயே. கிட்டத்தட்ட 16 அம்பியர் ஓடுகிற இடத்தில் 2.6 வோல்ட் தொலைந்தால் 40 வாட்டுக்கு மேல், ஈயம் பற்றவைக்கிற அயனைச் சுவிச்சுக்குள்ளே செருகி வைத்த மாதிரி. கழற்றிப் பார்த்தபோது பின்பக்கப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது, ஒரு நெருப்புப் பற்றாமல் தப்பியது நல்ல காலம்.

மூன்று பிளக்குக்கு ஏன் 16 அம்பியர் மட்டும் என்று கேட்பீர்கள். ஒன்று செத்திருந்தது. இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் ஓமில் அளந்தால் நல்லது 1 ஓம் சுற்றுவட்டத்தில் காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. மலிவு மீற்றரின் கம்பிகளே 0.3, 0.4 ஓம் காட்டும், முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீற்றர் இல்லாவிட்டால் பற்றரியின் பொசிற்றிவுக்கும் பிளக்கின் தலைக்கும் இடையில் டெஸ்ட் லாம்பைப் பிடிக்கலாம், எரியாவிட்டால் பிளக் முடிந்துவிட்டது. சில பழைய எஞ்சின்களில் பிளக்குகள் ஒன்றின் வழியாக மற்றதுக்குத் தொடராகப் போகும், அதில் ஒன்று செத்தால் எல்லாம் செத்தது. புதுப் பிளக் வாங்கும்போது உடம்பில் அடித்திருக்கிற வோல்டைப் பாருங்கள். 24 வோல்ட் பிளக் எங்கள் 12 வோல்ட் பற்றரியில் வெதுவெதுப்போடு நின்றுவிடும், 6 வோல்ட் பிளக்கை நேரே 12இல் கொடுத்தால் எரிந்தே போகும். பழையதைக் கழற்றும்போது எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கட்டும், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், பலவந்தமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளே முறியும், அதற்குப் பிறகு செலவு வேறு கணக்கு. கழற்றிய நுனி ஊதியோ உருகியோ இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் தெளிக்கிற நோசிலையும் பார்க்க வேண்டும், அது ஒழுகியிருக்கக் கூடும்.

டாஷ்போர்டில் ஓட்டைபோட்ட சின்ன மூடிக்குப் பின்னால் ஒரு சுருள் கம்பி சிவக்கிற மெசின்கள் இருக்கின்றன. பிளக்குக்குப் போகிற கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது, அதனால் அந்தச் சுருள் அறுந்தால் மூன்று நல்ல பிளக் இருந்தும் பிரயோசனமில்லை. அது மங்கலாக, நேரமெடுத்துச் சிவந்தால் பிளக் ஒன்றோ இரண்டோ போயிருக்கலாம். பிடித்தவுடன் பளீரென்று எரிந்தால் வயர் எங்கேயோ உடம்பில் உரசுகிறது, உடனே விடுங்கள்.

திறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் மெசின்களில் சுவிச்சைச் சுற்றி எழுதியிருப்பது ஜப்பான் எழுத்து. சிலதில் ஹீட் இடப் பக்கம் திருப்ப வேண்டும், சிலதில் ஓனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவில் இருக்கும். வாங்கின நாளிலிருந்து நேரே ஸ்டார்ட்டுக்கே திருப்பிக்கொண்டிருக்கிற ஆட்களும் உண்டு, அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, விற்றவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சுவிச்சின் பின்பக்கத்தில் பல நேரம் இலக்கம் அடித்திருக்கும்: 30 பற்றரியிலிருந்து வருவது, 19 ஹீட்டுக்கு, 50 செல்ஃபுக்கு, 17 இருந்தால் அது செல்ஃப் சுற்றும்போதும் பிளக்கைச் சூடாக வைத்திருக்க. இலக்கம் இல்லாவிட்டால் பற்றரியைக் கழற்றி, வயர்களைப் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் எது எதோடு சேர்கிறது என்று மீற்றரால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 19ஐயும் 50ஐயும் ஒருபோதும் ஒரு வயரில் முறுக்கிச் சேர்க்க வேண்டாம், ஹீட்டுக்குத் திருப்பின உடனே செல்ஃபும் சேர்ந்து அடிக்கும்.

புதுச் சுவிச் மட்டும் போட்டால் அதுவும் கொஞ்சக் காலத்தில் கரியும், ஆகவே ரிலே போட்டோம். சின்னக் கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிச் அது, அதன் முனைகளிலும் இலக்கம் இருக்கும். பற்றரியிலிருந்து 50 அம்பியர் பியூஸ், பியூஸ் பற்றரிக்குக் கிட்ட, அதிலிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87 நேரே பிளக் தகட்டுக்கு. சுவிச்சின் 19 ரிலேயின் 86க்கு, 85 உடம்புக்கு. சுவிச்சில் 17 இருந்தால் அதையும் 86இலேயே சேர்க்கலாம். இப்போது சுவிச் தூக்குவது ரிலேயின் சுருளுக்கு வேண்டிய கால் அம்பியர் அளவுதான். ஹோர்னுக்குப் போடுகிற 30 அம்பியர் ரிலே வேண்டாம், ஆறின பிளக் முதல் விநாடியில் கூட இழுக்கும், 70 அம்பியர் ரிலே வாங்குங்கள். வயர் 6 சதுர மில்லிமீற்றர், மெல்லிய இழை நிறைய உள்ள வாகன வயர். வீட்டு வயரிங்கின் தடித்த கம்பி ட்ரக்டர் அதிர்வில் முறிந்துவிடும். எஞ்சினின் எர்த் கேபிளைக் கழற்றி, பெயின்ற்றும் கறளும் போக உரஞ்சி இறுக்கினோம். செத்த பிளக்கையும் மாற்றிவிட்டு இரண்டாவது முறை அளந்தபோது மூன்று பிளக்கும் ஓடுகையில் பிளக்கின் தலையில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்றது. 15 விநாடி பிடித்துவிட்டு அடித்தால் எஞ்சின் பிடிக்கிறது.

சுவிச்சைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு வயரைத் தொட்டு ஸ்டார்ட் எடுக்கிறவர்களுக்கும், செல்ஃபின் மேல் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க அடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 90களில் பொருளாதாரத் தடை, பற்றரியும் டீசலும் உள்ளே விடப்படவில்லை, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடின காலம். அப்போது கையில் கிடைத்ததை வைத்து மெசினை ஓட்டின மெக்கானிக்மாரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன், அந்தக் கைகளால்தான் எங்கள் வயல் விளைந்தது. இன்றைக்கு ரிலேயும் பியூஸும் கிளிநொச்சியிலேயே வாங்கலாம். ஸ்குரூ டிரைவரால் அடிக்கும்போது கியரில் கிடந்தால் அதைத் தடுக்கிற சுவிச் ஒன்றும் குறுக்கே வராது, மெசின் பிடித்த உடனே புறப்படும், அடிக்கிறவர் நிற்பதோ பின் சில்லுக்கு முன்னால். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஈதர் அடைத்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் அப்படித்தான். ஹீற்றர் பிளக் சிவந்திருக்கிற எஞ்சினுக்குள் ஈதர் அடித்தால் அது பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும், பிஸ்டனோ கொனெக்டிங் ரொட்டோ போகும். மீற்றரைக் கையில் எடுங்கள், வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள், அதற்குப் பிறகு எதைக் கழற்றுவது என்று முடிவெடுக்கலாம்.